ஊற்று கீழே போகிறது

மே 3, வெள்ளி

இது எந்த வருடம் என்று நோட்டின் அட்டையில் எண்ணாகப் போட்டிருக்கிறதாம். எனக்கு எண் படிக்கத் தெரியாது. மார்கழி வெள்ளத்தில் ரயில் நடுவழியில் நின்று ஜனங்கள் பட்டினி கிடந்தார்களே, அதற்கு அடுத்த கோடை இது. எம்.பி. தேர்தலுக்கு வைத்த மை இன்னும் என் விரலை விட்டுப் போகவில்லை. எங்கள் சிப்பித்துறைக் கோயில் கொடிமரத்துக்குப் புதுக் கயிறு மாற்றியதும், என் மூத்த மகள் பேத்தி எடுத்ததும் இந்த வருடம்தான்.

கடற்கரைக் கமிட்டி இந்த நோட்டைக் கொடுத்திருக்கிறது. தினமும் எத்தனை வண்டி வந்தது, தண்ணீர் என்ன நிறம், நாற்றம் உண்டா, குப்பை எத்தனை மூட்டை என்று எழுத வேண்டும். பதினாறு வருடமாக வண்டி நிறுத்துமிடத்தில் நிற்கிறவன் என்பதால் என் கையில் கொடுத்தார்கள். எழுதத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எழுதுகிறவள் பவுலின். கடற்கரையில் மீன் பொரித்து விற்கிற ஆறு கடைகளில் நடுக்கடை அவளுடையது. சாயங்காலம் அடுப்பை அணைத்ததும் மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறாள். பத்தாவது முடித்தவள். நான் பேச்சாகச் சொல்வதைப் புத்தகத் தமிழாக மாற்றிவிடுகிறாள். வாசித்துக் காட்டும்போது யாரோ வாத்தியார் பேசுவது போல இருக்கிறது.

“இது நான் சொன்னதாட்டி?”

“நீங்க சொன்னதுதான் மாமா. குளிப்பாட்டி, சட்டை போட்டு விட்டுருக்கேன்.”

கார் 31. வேன் 2. தண்ணீர் தெளிவு. குப்பை நாலு மூட்டை.

மே 5, ஞாயிறு

கார் 143. வேன் 9. பைக் எண்ணவில்லை.

படகு இழுக்கிற இடத்துக்குள் கார் நுழையாமல் கயிறு கட்டினேன். இரண்டு பேர் அவிழ்த்தார்கள். மறுபடி கட்டினேன். மதுரைக்காரர் ஒருவர் வெள்ளைக் காரை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

“பெரியவரே, டோக்கன் குடுக்கலையே?”

“உங்க மூஞ்சியே டோக்கன்தான் சார்.”

“வண்டி மாறிப் போச்சுன்னா?”

“மாறாது. போன வருசம் ஈஸ்டருக்கு மறுநாள் வந்தீங்க. அப்போ சிவப்பு வண்டி. கூட வந்த பெரியம்மாவுக்கு நடக்க முடியல. இப்போ எப்பிடி இருக்காவ?”

“அம்மா தவறிட்டாங்க. கடைசியா கடல் பார்த்தது இங்கதான். நீங்கதான் மணல்ல பலகை போட்டு நாற்காலியத் தள்ளிட்டுப் போனீங்க” என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். கடலுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் என் கையை யாரும் இப்படிப் பிடித்ததில்லை. இந்த வேலை கிடைத்ததற்கு நான் நன்றியோடு இருக்க வேண்டியவன்.

கழிப்பறை வாசலில் பெண்கள் வரிசை சாலை வரை நின்றது. குப்பை பதினொரு மூட்டை.

மே 6, திங்கள்

தண்ணீர் சோதனைக்கு வருகிற இளவரசன் சார் ஐஸ்பெட்டியோடு வந்தார். முழங்கால் ஆழத்தில் நின்று மூன்று இடத்தில் பாட்டில் பிடித்தார். மூன்றாவது இடம் கழிப்பறைக்கு நேர் கிழக்கு. பாட்டிலைத் தூக்கி வெயிலில் பார்த்தார். “தெளிவாத்தானே இருக்கு சார்” என்றேன்.

“தெளிவா இருக்கிறதுதாங்க ஏமாத்தும்” என்றார்.

கார் 12.

மே 9, வியாழன்

தெற்கேயிருந்து சோழகக் காற்று பிடித்துவிட்டது. முகமெல்லாம் மணல். கார் 8.

மே 13, திங்கள்

கடற்கரை வாசலில் இருக்கிற பலகையில் பச்சை அட்டை தொங்கும். இன்று அதை எடுத்துவிட்டுச் சிவப்பு மாட்டினார்கள். சிவப்பு என்றால் குளிக்கக் கூடாது. எழுத்து தெரியாவிட்டாலும் நிறம் தெரியும்.

தண்ணீரில் மனிதக் கழிவில் இருக்கிற கிருமி இருக்கிறதாம். மூன்றாவது பாட்டிலில் மிக அதிகமாம். ஜீப்பில் வந்த அதிகாரி நடந்து பார்த்தார். பொரிக்கிற கடைகளுக்குப் பின்னால் மீன் கழுவிய தண்ணீர் மணலில் ஓடியிருந்தது. அங்கேயே நின்று சொல்லிவிட்டார், மே முப்பத்தொன்றுக்குள் ஆறு கடையையும் எடுத்துவிட வேண்டும் என்று.

ஓரக்கடை லில்லிபுஷ்பம் கரண்டியோடு வந்தாள்.

“மீன் கழுவுன தண்ணியில கடல் கெட்டுப்போச்சா? அப்போ கடலுக்குள்ள கெடக்க மீனு எங்கன போயி சார் கழுவிட்டு வருது?”

எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. “கடைக்காரங்க பின்னால ஒதுங்குறதாவும் புகார் இருக்கு” என்றார். அதைக் கேட்டதும் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கழிப்பறை கட்டிய நாளிலிருந்து அவர்கள் ஒருவரும் வெளியே போனதில்லை. எனக்குத் தெரியும்.

பவுலின் புருஷன் இறந்த பிறகு இரண்டு பெண்பிள்ளைகளை அந்த அடுப்பில்தான் வளர்த்தாள். மூத்தவள் நர்சிங் இரண்டாம் வருடம்.

மே 14, செவ்வாய்

இளவரசன் சார் பழைய கோப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். கடை காரணமாக இருக்காது என்று அவருக்குத் தோன்றுகிறது. கழிப்பறைக் குழியைச் சந்தேகப்பட்டுத் தேடியிருக்கிறார். ஆனால் கோப்பில் குழிக்கு ஆபத்தில்லை என்று இருக்கிறது. கடை முன்னால் நின்று சத்தமாக வாசித்தார்: “உள்ளூர்ப் பெரியவர் ஒருவரிடம் விசாரித்ததில், ஊற்று மிகவும் கீழே செல்வதாகத் தெரிவித்தார். எனவே குழி அமைக்க இவ்விடம் ஏற்றது.”

“அவ்வளவு ஆழத்துல ஊத்து ஓடுதுன்னா குழித் தண்ணி அதுல கலக்காதுங்க” என்று கோப்பை மூடினார்.

பவுலின் என்னைக் கேட்டாள். “யாரு மாமா அந்தப் பெரியவரு?”

“யாராவது இருக்கும்” என்றேன்.

பவுலின் பொரிக்கிற வஞ்சிரத்துக்கு மிளகாயும் உப்பும் எப்போதும் சரியாக இருக்கும். என் மனைவி இறந்த வருடம் நாற்பது நாளும் எனக்குச் சோறு இவள் வீட்டிலிருந்துதான் வந்தது. ஒருநாளும் தூக்குவாளி ஆறி வந்ததில்லை. இதையெல்லாம் நோட்டில் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்கிறாள். எழுது என்றேன்.

கார் 5.

மே 16, வியாழன்

கோப்பில் இருக்கிற பெரியவர் நான்தான். இன்று அவளிடம் சொன்னேன். சொல்லும்போது வேடிக்கைக் கதை போலத்தான் சொன்னேன்.

சுனாமியில் என் வள்ளம் போய் நாலாம் வருடம். கழிப்பறைக்கு இடம் பார்க்க எஞ்சினியர் கந்தப்பன் வந்தார். ஈரோட்டுப் பக்கத்து ஆள், மரியாதை இல்லாமல் ஒரு வார்த்தை பேச மாட்டார். அன்று நின்றவர்கள் ஐந்து பேர். எஞ்சினியர், ஊர்க்கமிட்டித் தலைவர் தொம்மை, கொத்தனார் சுடலைமாடன், குழி தோண்ட வந்த பவுலின் புருஷன் வியாகுலம், நான்.

“பெரியவரே, இந்தப் பக்கம் ஊத்து ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்று கேட்டார்.

“இருக்கு சார். கீழ போவுது” என்றேன்.

“ரொம்பக் கீழங்களா?”

“ஆமா சார், நல்லாக் கீழ போயிரும்.”

அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

எங்களுக்குக் கடல் இருக்கிற திசை கீழ். சாலை இருக்கிற திசை மேல். கிழக்கு என்று முழுதாகச் சொல்ல இங்கே யாருக்கும் நேரமில்லை. ஊற்று அந்த இடத்து வழியாகக் கிழக்கே கடலைப் பார்த்து ஓடுகிறது என்று நான் சொன்னேன். ஊற்று பாதாளத்தில் ஓடுகிறது என்று அவர் புரிந்துகொண்டார்.

பவுலின் சிரித்துவிட்டாள். “ஐயோ மாமா, ஒத்த வார்த்தையில இம்புட்டா!” பிறகு சிரிப்பு நின்றது. “அப்போ குழி ஊத்துக்கு மேலயேவா இருக்கு? சார்கிட்ட உடனே சொல்லணும். உங்க மேல என்ன தப்பு, அந்த எஞ்சினியருக்குல்லா விளங்கல.”

திங்கட்கிழமை சார் வரட்டும், சொல்கிறேன் என்றேன். போன் பண்ணலாமே என்றாள். நேரில் சொன்னால்தான் சரி என்றேன்.

கார் 3.

மே 18, சனி

காலையில் நடந்ததை இப்போது சொல்கிறேன். திருநெல்வேலியிலிருந்து ஒரு பெண் பஸ் பிடித்து வந்திருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து குளித்துவிட்டுப் போனதிலிருந்து அவள் அம்மாவுக்கு வாந்தியும் பேதியும். குளுக்கோஸ் ஏற்றி, இப்போது பரவாயில்லையாம். சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

“சண்டைக்கு வரல ஐயா. மத்தவங்களுக்கு வரக்கூடாதுல்ல, அதான் சொல்லிட்டுப் போலாம்னு” என்றாள்.

சிவப்பு அட்டையைக் காட்டினேன். நன்றி சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனாள். என்னைப் போய்க் கும்பிட்டாள்.

மே 19, ஞாயிறு

பவுலின், இன்று சொல்வதை நிறுத்தாமல் எழுது. நடுவில் கேள்வி கேட்காதே.

வியாழக்கிழமை சொன்ன கதை பாதிதான். எஞ்சினியர் தப்பாகப் புரிந்துகொண்டது எனக்கு அன்று தெரியாது, அது மெய். இரண்டு நாள் கழித்துத் தெரிந்துவிட்டது. குழி நாலடி போனதும் வியாகுலம் உள்ளேயிருந்து கத்தினான்: “மாமா, மண்ணு நனஞ்சு வருது. நாக்குல வச்சுப் பாத்தேன், இனிக்கி!”

கடற்கரையில் உப்பில்லாத தண்ணீர் என்றால் அது ஊற்றுதான். அப்போது மேலே நான் மட்டும் நின்றேன். மற்ற மூன்று பேரும் சாலையில் டீ குடிக்கப் போயிருந்தார்கள். எஞ்சினியர் ஏன் தலையாட்டினார், எதை எழுதினார் என்று எனக்கு அந்த நிமிடத்தில் விளங்கிவிட்டது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். இருபது எட்டு வைத்தால் சாலை.

அன்று காலையில்தான் எஞ்சினியர் என் தோளைத் தட்டி, கழிப்பறை முடிஞ்சதும் வண்டி நிறுத்துற இடத்துக்கு நீங்கதான் ஆள், மாசச் சம்பளம், என்று சொல்லியிருந்தார். வள்ளம் போய் நாலு வருடமாக நான் பிறர் வள்ளத்தில் கூலிக்குப் போனவன். இடம் சரியில்லை என்று தெரிந்தால் வேலை வேறு ஊருக்குப் போய்விடும் என்று பயந்தேன்.

“மழைத் தண்ணி லே அது. சட்டுன்னு சிமெண்டு உறையை இறக்குங்க” என்றேன்.

வியாகுலம் என்னை அண்ணாந்து பார்த்தான். மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவனுக்கும் தெரியும். என் சொல்லுக்கு மறுசொல் சொல்லாத பிள்ளை. இறக்கினான்.

அப்போது இத்தனை வண்டி வரவில்லை, தினம் பத்துப் பேர் போனால் அதிகம். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆயிரம் பேர். மார்கழி வெள்ளத்தில் குழியின் உறையும் விலகியிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் உன் பேனா நின்றுவிட்டது. எழுது, பவுலின்.

மே 20, திங்கள்

இன்று எழுதுவது இளவரசன் சார். நேற்று பவுலின் கடைசி வரி வரைக்கும் எழுதினாள். நோட்டை மூடி என் மடியில் வைத்தாள். “எல்லாம் தெரிஞ்சிருந்தும், என் கடையை எடுக்கப் போறாவன்னு என் கையாலயே எழுத வச்சிட்டீங்களே மாமா” என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். இன்று கடை திறக்கவில்லை.

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சார் திட்டவில்லை. ஊற்று எந்த இடத்தில் கடலைத் தொடும் என்று மட்டும் கேட்டார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். சின்ன வயதில் கடல் வற்றும் நேரம் அங்கே கையால் குழி பறித்துத் தண்ணீர் குடித்திருக்கிறோம். அந்த இடத்தில் இப்போது ஐஸ்கிரீம் குச்சி கிடக்கிறது.

மே 21, செவ்வாய்

சார் கழிப்பறைக்குள் பச்சைச் சாயம் ஊற்றினார். யாருக்கும் கெடுதல் செய்யாத சாயமாம். வாளி வாளியாகத் தண்ணீர் விட்டோம். இனி கரையில் காத்திருக்க வேண்டியதுதான்.

பவுலின் கடை மூடியிருக்கிறது.

மே 22, புதன்

ஒன்றும் வரவில்லை. லில்லிபுஷ்பம் என்னைக் கேட்டாள்: “என்னவே கயித்தான், பச்சையாப் பொய் சொல்லிட்டீரா?” விஷயம் ஊருக்கே தெரிந்துவிட்டது. அவளுக்கு என் மேல் கடுங்கோபம். ஆனாலும் எனக்கொரு டம்ளர் காப்பி வைத்துவிட்டுத்தான் போனாள்.

மே 23, வியாழன்

வந்தது.

கடல் வற்றியிருந்தது. நான் காட்டிய இடத்தில் சார் கையால் மணலைத் தோண்டினார். முழங்கை ஆழத்தில் நீர் ஊறியது. முதலில் சாதாரணத் தண்ணீர். பிறகு இளம் வாழை இலை நிறம். சார் போனில் படம் எடுத்தார். ஆறு கடைப் பெண்களும் சுற்றி நின்றார்கள், பவுலினும் வந்திருந்தாள். ஒருத்தியும் கைதட்டவில்லை. லில்லிபுஷ்பம் மட்டும் அந்தக் குழியைப் பார்த்தபடி, “நாங்க பின்னால ஒதுங்குதோம்னு சொன்ன மனுசன இங்கன கூட்டிட்டு வாங்க சார். இந்தத் தண்ணியில கால் கழுவச் சொல்லணும்” என்றாள்.

அது மனிதக் கழிவு கலந்த தண்ணீர். ஆனால் அதைப் பார்த்தபோது எனக்கு மூச்சு லேசாகிவிட்டது. கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

இதுவும் சார் எழுதியது.

மே 24, வெள்ளி

பவுலின் வந்தாள். பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். சார் எழுதிய பக்கங்களைப் படித்தாள்.

“கோழி கிளறுன மாதிரில்லா இருக்கு சாரோட எழுத்து” என்றாள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“மன்னிச்சுட்டேன்னு நான் எழுத மாட்டேன் மாமா. நீங்க சொல்லுதத எழுதுதேன். அவ்வளவுதான்.”

“அது போதும்.”

பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள். “குழிக்குள்ள இருந்து அவிய என்ன சொன்னாவ? அந்தக் குரல்ல சொல்லுங்க.”

சொன்னேன். ‘இனிக்கி’ என்பதை வியாகுலம் எப்போதும் இழுத்துச் சொல்வான். அப்படியே சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவன் போய் ஒன்பது வருடம். அவன் குரலைப் பதிவு செய்து வைக்க அவர்கள் வீட்டில் அப்போது நல்ல போன் இல்லை. நாலு தடவை சொன்னேன்.

எனக்கு இந்த ஞாபகத்தைக் கொடுத்தவனுக்கு முதல் தடவையாக நன்றி சொன்னேன். இத்தனை நாளும் அது ஒரு தண்டனை என்றுதான் நினைத்திருந்தேன்.

மே 28, செவ்வாய்

உத்தரவு வந்துவிட்டது. ஆறு கடையும் இருக்கலாம். மீன் கழுவுகிற தண்ணீருக்கு மட்டும் தொட்டி கட்ட வேண்டும். கழிப்பறைக்குப் பூட்டு போட்டார்கள். சாலைக்கு மேற்கே புதுக் குழி தோண்டி, தண்ணீர் மூன்று தடவை சுத்தமாக வரும்வரை கடற்கரைக்கு யாரும் வரக்கூடாது. வண்டி நிறுத்துமிடத்துக்குக் குறுக்கே கம்பி கட்டியாகிவிட்டது. கட்டியது நான்தான். எனக்கு இன்றோடு வேலை முடிந்தது.

“ஆளே வராத கடற்கரையில கடையை வச்சு நண்டுக்கா பொரிச்சுப் போட?” என்றாள் லில்லிபுஷ்பம். ஆனால் தன் கடைப் பலகையைத் துடைத்துக்கொண்டேதான் கேட்டாள். அதுவரை சாலையோரம் அடுப்பு போட இடம் தருவதாகக் கமிட்டி சொல்லியிருக்கிறது.

கார் இல்லை. வேன் இல்லை. தண்ணீர் தெளிவாகத்தான் தெரிகிறது. அதை நம்ப வேண்டாம்.

மே 30, வியாழன்

இளவரசன் சார் வெள்ளைத் தாளோடு வந்தார். குழி ஏன் அந்த இடத்தில் வந்தது என்று மேலிடத்தில் கேட்கிறார்களாம். வாக்குமூலம் வேண்டும்.

“உங்களுக்குத் தொந்தரவு வராம முடிச்சிரலாங்க” என்றார். “எஞ்சினியர் சரியா விசாரிக்கலைன்னு ஒரு வரி எழுதினாப் போதும். நான் கேட்டுப் பார்த்தேன், அவர் தவறி மூணு வருசம் ஆச்சு. அவரை இனிமே யாரு என்ன பண்ணப் போறாங்க?”

மூன்று வருடம். எனக்கு யாரும் சொல்லவில்லை. வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு, எஞ்சினியர் கோயில் கணக்கப்பிள்ளையின் போனுக்குக் கூப்பிட்டு என்னிடம் பேசுவார். மூன்று வருடமாக அழைப்பு இல்லை. வேலை அதிகம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

“சார், அவரு கேட்டாரு” என்றேன். “ரெண்டு தடவை கேட்டாரு. மரியாதையாக் கேட்டாரு. கேட்டதுக்கு மேல ஒரு மனுசன் என்ன செய்ய முடியும்? ஈரத்தைப் பாத்தது நான். மூடச் சொன்னது நான். அவரு பேருக்கு ஒரு கீறல் விழக்கூடாது.”

“இதுல கைநாட்டு வச்சா உங்களைக் கேள்வி கேப்பாங்க பெரியவரே.”

“கேக்கட்டும். பதினாறு வருசமா யாரும் கேக்கலன்னுதான் நானும் சொல்லாம இருந்தேன்.”

சார் பவுலினைப் பார்த்தார். அவள் தாளை வாங்கித் தொடை மேல் வைத்துக்கொண்டாள். “சொல்லுங்க மாமா” என்றாள். “குளிப்பாட்ட மாட்டேன். நீங்க சொல்லுத மாதிரியே எழுதுதேன்.”

கீழ என்ற சொல்லை அப்படியே எழுதச் சொன்னேன். அது எங்களுக்குக் கிழக்கு என்று அடைப்பில் போடச் சொன்னேன். ஈர மண், இருபது எட்டு தூரம், மாசச் சம்பளம், எல்லாம் சொன்னேன். அவள் எங்கேயும் நிறுத்தவில்லை. கடைசியில் சார் கேட்டார், அன்று அங்கே இருந்தவர்களில் சாட்சிக்கு இப்போது யாராவது உண்டா என்று.

எழுது, பவுலின். நோட்டிலும் எழுது, தாளிலும் எழுது.

ஊர்க்கமிட்டித் தலைவர் தொம்மை, அந்தக் கழிப்பறைக்காக ஏழு தடவை கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றவர். சர்க்கரையில் கால் போய், பிறகு அவரும் போனார். கொத்தனார் சுடலைமாடன், கடற்காற்றிலும் உதிராத பூச்சு பூசியவர். அந்தச் சுவரில் இன்று வரை விரிசல் இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்த மறுவாரம் போய்விட்டார். எஞ்சினியர் கந்தப்பன், கூலிக்காரனாக இருந்த எனக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தவர். வியாகுலம், உன் புருஷன், தண்ணீரைச் சரியாகச் சொன்னவன். நெஞ்சுவலி. நாலு பேருக்கும் நான் கடன்பட்டவன். நாலு பேர் மேலும் ஒரு தப்பும் இல்லை.

உயிரோடு இருப்பது ஒரே ஆள். சிப்பித்துறை சூசை மகன் கயித்தான்.